மேஸ்திரிக்கு மாதச் சந்தா

எங்கள் குடும்பத்தில் இழுப்பதற்குப் பஞ்சமே வந்ததில்லை. நைனா கவலையில் வடம் இழுத்தார். அம்மா ராகிக்கல் இழுத்தாள். நான் ஓசூர் சிப்காட்டில் ஃப்ளை பிரஸ் கைப்பிடியை இழுத்தேன். என் மகன், பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்குக் கெலமங்கலம் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறவன். இழுக்க ஒன்றும் இல்லாமல் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் இழுப்பதற்கென்றே ஓர் இயந்திரம் வாங்குவதென்று முடிவுசெய்தான். படகு கிடையாது, ஆறு கிடையாது. வீட்டுக்குள் உட்கார்ந்து துடுப்பு மட்டும் போடலாம். ரோயிங் மெஷின் என்று பெயர். விலையைச் சொன்னான், வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் மாதாமாதம் சந்தாவும் கட்டவேண்டும் என்றான், திறந்துவிட்டேன்.

"சந்தா எதுக்குடா? இழுக்கப்போறது நீதானே?"

"கன்டென்டுக்குப்பா."

கன்டென்ட் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைக்க அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தான். கவலை என்றால் என்னவென்று அவனுக்குப் புரியவைக்க நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

கிணற்று வாயிலிருந்து சரிவாக இறங்கும் ஒரு பாதை. அதில் எருதுகள் இரண்டும் இறங்கினால் வடம் இழுபடும், உருளை கிறீச்சிடும், இரும்புச் சால் தளும்பிக்கொண்டு மேலே வரும். சாலின் அடியில் தும்பி என்கிற தோல் குழாய். அதன் வாயை இன்னொரு கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேட்டைத் தொட்டதும் தும்பி நீண்டு தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் இறங்கத் தொடங்குகிற நொடியில் நைனா ஒரு எட்டு ஓடி, வடத்தின்மேல் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வார். தன் எடையையும் மாடுகளுக்குக் கொடுப்பதற்காக. சரிவின் அடி வந்ததும் இறங்கி, மாடுகளைப் பின்னாலேயே மேட்டுக்கு ஏற்றவேண்டும். மாட்டை முன்னால் ஓட்ட யாராலும் முடியும். பின்னால் நடக்கவைப்பதுதான் வித்தை. விடிவெள்ளி முளைக்கும்போது பூட்டினால் வெயில் சுடும்போதுதான் அவிழ்ப்பார். ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று கொஞ்சிய குளிர் அது. அந்தக் குளிரில் நைனாவிடம் இருந்தது ஒரே துண்டு. அதுவும் தலையில்.

எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதைப் பாட்டு சொல்லிவிடும். ஏற்றமானாலும் கவலையானாலும் இறைக்கிறவர்கள் பாடியது ரசனைக்காக மட்டுமல்ல, எண்ணிக்கைக்காகவும்தான். கம்பரைப் பற்றி ஒரு கதை உண்டு. வழியில் ஓர் ஏற்றக்காரர் பாட்டில் ஓரடியைப் பாடிவிட்டு, அடுத்த அடியைப் பாடாமலே அன்றைய வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டாராம். மிச்சம் என்னவென்று தெரியாமல் கம்பருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராத்திரி போய், மறுநாள் விடியலில் அவர் வந்து பாடும்வரை காத்திருந்தாராம். "நீ சொல்ற கன்டென்ட் இதுதானே?" என்று மகனிடம் கேட்டேன். ஏற்றக்காரர் கொஞ்சம் விவரமானவராக இருந்திருந்தால் அன்றைக்கே கம்பரிடம் சந்தா வசூலித்திருப்பார்.

அம்மாவின் இழுப்பு ராத்திரி ஷிஃப்ட். கோழி கூவுவதற்கு முன்னால் ராகிக்கல்லில் உட்காரவேண்டும். எங்கள் பக்கம் அன்று மூன்று வேளையும் களிதான்; அரிசிச் சோறு என்பது பண்டிகை நாளில் வருகிற விருந்தாளி. கல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், காலை நீட்டி, முகத்துக்கு முகம். ஒருத்தி இழுக்க, ஒருத்தி தள்ள, நடுவிலிருக்கும் குழியில் ஒரு கை அவ்வப்போது ராகியைப் போட, ஓரத்தில் மாவு சரிந்துகொண்டிருக்கும். எதிரில் மாமியார் உட்கார்ந்தால் பாட்டு நடக்கும். பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்தால் மாமியாரைப் பற்றிய பேச்சு நடக்கும். கரண்டு மில் வந்தபிறகு கல் வாசலுக்குப் போனது. பேச்சு மில் வாசலுக்குப் போனது.

என் இழுப்புக்குச் சம்பளம் இருந்தது. எண்பதுகளில் ஓசூர் ஒரு பெரிய பட்டறையாக மாறிக்கொண்டிருந்த காலம். அசோக் லேலண்டு வந்துவிட்டது, டிவிஎஸ் வந்துவிட்டது, டைட்டன் வாட்ச் கம்பெனி வந்தது. அவர்களுக்குச் சில்லறைச் சாமான் செய்துகொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்தன. அப்படி ஒன்றில் எனக்கு ஃப்ளை பிரஸ். தலைக்கு மேலே ஓர் இரும்புத் தண்டு, அதன் முனையில் கனத்த குண்டு, கீழே தொங்கும் கைப்பிடி. இடது கையால் தகட்டை டையில் வை, வலது கையால் கைப்பிடியைச் சுழற்றி இழு, டங். எடு, வை, இழு, டங். பீஸ் கணக்கில் கூலி. பிறகு பவர் பிரஸ்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே நிமிடத்துக்கு இத்தனை ஸ்ட்ரோக் என்று மெஷினே வேகத்தைத் தீர்மானித்தது, நாம் கையை வெளியே எடுக்கும் வேகத்தை மட்டும் தீர்மானித்தால் போதும். கூடவே எங்கள் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி. பீடி பற்றவைப்பதற்குள் யார் எத்தனை பீஸ் குறைந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து, பத்து விரலோடு ரிட்டயர் ஆனேன் என்பதை இப்போதும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். என் செட்டில் எல்லோராலும் அப்படிச் சொல்ல முடியாது.

பட்டறைக்குப் போக முதலில் பஸ். பிறகு டிவிஎஸ் 50. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த அந்த வண்டிக்குப் பெடல் உண்டு. பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிளாக மிதித்துக்கொண்டே வீடு வந்துவிடலாம். இன்று பெடலை மட்டும் தனியாகக் கழற்றி, வண்டியை விட்டுவிட்டு, எக்ஸர்சைஸ் சைக்கிள் என்று விற்கிறார்கள். விலையைக் கேட்டால் அன்றைக்கு முழு வண்டியே வாங்கியிருக்கலாம் போலிருக்கிறது.

கவலை ஓடிய நிலத்தில் இப்போது பாலிஹவுஸ். குத்தகைக்கு எடுத்தவர் ரோஜா போட்டிருக்கிறார். காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்குப் போகும் ஜாதி. கிணறு தூர்ந்துவிட்டது. போர் போட்டு, சொட்டுநீர்க் குழாய் விட்டிருக்கிறார்கள். மோட்டாரை வீட்டிலிருந்தபடி செல்போனில் போடலாம், நிறுத்தலாம். மோட்டாருக்கென்று தனியாக ஒரு சிம்; அதற்கொரு ரீசார்ஜ். கட்டத் தவறினால் மோட்டார் நம் பேச்சைக் கேட்காது. சந்தா என்பது மாடியில் உட்கார்ந்திருக்கும் ஐடி பிள்ளைகளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஓசூரில் தயாராகும் ஏத்தர் மின் ஸ்கூட்டரிலும் போனோடு இணையும் வசதிகளுக்குத் தனிக் கட்டணத் திட்டம் வந்தது. பிஎம்டபிள்யூ கார் கம்பெனி 2022-இல் சில நாடுகளில் சீட்டைச் சூடாக்குவதற்கே மாத வாடகை கேட்டது. எல்லோரும் காறித் துப்பியதும் அடுத்த வருஷமே கைவிட்டது. விற்றபிறகும் விடாமல் பிடித்துக்கொள்ளும் புதிய வியாபாரம் இது. விற்றவனுக்கு மாதாமாதம் வரும்படி. வாங்கியவனுக்கு மாதாமாதம் நினைவூட்டல்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்றால் சர்க்கரையில். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி முதல்வர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் பையோடு வர ஆரம்பித்தாள். எனக்கு பிரஷர், என் மனைவிக்குச் சர்க்கரை. விளையாட்டாக மகனும் விரலை நீட்டினான். முப்பத்தைந்து வயசு. அந்தப் பெண் எண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், "அண்ணா, நீங்க ஆஸ்பத்திரி போய் ஒருவாட்டி பாத்துடுங்க" என்றாள். ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை, அதற்கும் அதிகமானோர் எல்லைக்கோட்டில் என்று சொல்லியிருந்தார்கள். மகன் அந்தக் கோட்டில் நின்றுகொண்டிருந்தான்.

நடங்கள் என்றார் டாக்டர். எங்கே நடப்பது? ராயக்கோட்டை ரோட்டில் லாரி. கூத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வந்தபிறகு ஷிஃப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன, உள்ளே தூங்கிவழியும் பெண்பிள்ளைகளோடு. சந்துக்குள் நடந்தால் நாய். நாய் இல்லாத சந்தில், "என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்கும் பெரியவர்கள். காரணமில்லாமல் நடக்கும் மனிதனை எங்கள் ஊர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜிம்முக்கென்றால் ஓசூர் போகவேண்டும். போய்வரும் நேரத்தில் ஆபீஸ் மீட்டிங் ஒன்று ஓடிவிடும்.

ஆகவே ரோயிங் மெஷின். ஹாலில் சபை கூடியது. மகன் போனை டிவியில் போட்டுக் காட்டினான். இதில் ஜாதிகள் பல. இரும்புச் சக்கரத்தைக் காந்தம் பிடித்து நிறுத்துவது ஒன்று, சத்தமில்லாதது. சக்கரத்தில் இறக்கை வைத்து காற்றோடு மல்லுக்கு விடுவது இன்னொன்று; வேகமாக இழுக்க இழுக்க எதிர்ப்பும் ஏறும், சத்தமும் ஏறும். மூன்றாவது, கண்ணாடி மாதிரித் தெரியும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் துடுப்பைச் சுழலவிடுவது. 1988-இல் ஜான் டியூக் என்ற அமெரிக்கர் மரச்சட்டத்தில் செய்து வாட்டர்ரோவர் என்று பெயர் வைத்தது. 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் அரசியல்வாதி கதாநாயகன் சதித்திட்டம் போட்டுக்கொண்டே இழுப்பது இதைத்தான். தொட்டித் தண்ணீர் பாசி பிடிக்காமலிருக்க அவ்வப்போது குளோரின் மாத்திரை போடவேண்டுமாம்.

"நம்ம வீட்டுத் தொட்டிக்கே யாரும் போடறதில்ல" என்றாள் என் மனைவி.

எனக்கு அந்தத் தண்ணீர் மெஷின்மேல் ஓர் ஆசை வந்தது, வேறு காரணத்துக்காக. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் முட்டியில் வலியுமாகத் தலைமுறைகள் கழிந்த மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும். ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் திறந்தார்கள். பரிசல்காரர்கள் துடுப்பு போடும் அதே காவிரித் தண்ணீர். எங்கள் வீட்டில் துடுப்பைக் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஒரே பொருள் குழாயில் வரும் அந்தத் தண்ணீர்தான். அதைத் தொட்டியில் ஊற்றினால் மெஷினுக்குக் கொஞ்சம் வம்சாவளியாவது இருக்கும்.

மகன் ஆசைப்பட்டதோ நாலாவது ஜாதி. மெஷின் பாதி, டிவி பாதி. பாஸ்டனில் 2017-இல் தொடங்கிய ஹைட்ரோ என்ற கம்பெனியின் மெஷினில் 22 அங்குலத் திரை இருக்கிறது. அதில் ஒரு பயிற்சியாளர் நிஜமான ஆற்றில், நிஜமான படகில், அதிகாலைப் பனிக்கு நடுவே துடுப்பு போட்டுக்கொண்டே நம்மிடம் பேசுவார். பெலோட்டன் என்ற கம்பெனி 2022-இல் கொண்டுவந்ததன் விலை 3,195 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டரை லட்ச ரூபாய். அதற்குமேல் அன்று மாதம் 44 டாலர், மூவாயிரத்தைந்நூறு ரூபாய். இதெல்லாம் இந்தியாவுக்கு நேரே வருவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு உண்டான நிம்மதி நீடிக்கவில்லை. இருபதாயிரம் முப்பதாயிரத்திலிருந்து நம் நாட்டுச் சந்தையிலும் கிடைக்கிறது, ஆப்போடு. மெஷின் மலிவு, முதல் சில மாதம் ஆப் இலவசம். பிறகுதான் கல்யாணச் செலவு.

ஒரு கம்பெனிக்குப் போன் போட்டான். பெயர் வேண்டாம். பொருத்திக்கொடுக்க ஆள் வருவார், ஆனால் அத்திப்பள்ளி வரைக்கும்தான், செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வரமாட்டார் என்றார்கள். எங்கள் ஊரிலிருந்து ரோஜா துபாய் போகிறது, தக்காளி நாடெங்கும் போகிறது, ஐபோன் உறுப்புகள் உலகமெல்லாம் போகின்றன. ஒரு ஸ்பேனர் மட்டும் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வராது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூலையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மா, திரையில் ஒரு வெள்ளைக்காரி மூச்சிரைக்க இழுப்பதைப் பார்த்துவிட்டுப் பேரனைக் கேட்டாள்: "ஏன்டா, இத்தன இழுக்கறாளே, தண்ணி எங்க வந்து விழுது?"

"தண்ணி வராது ஆயா. சும்மா இழுக்கறது."

"சும்மாவா? காசு கட்டியா?"

அவள் கேட்டது எனக்குள் ஒரு கணக்கைக் கிளப்பிவிட்டது. பிரஸ் ஷாப்காரனுக்குக் கணக்கு போடாமல் தூக்கம் வராது. இந்த மெஷின்களில் 500 மீட்டரை இரண்டு நிமிடத்தில் கடக்கும் வேகம் என்றால் ஏறக்குறைய 200 வாட் சக்தி. நன்றாகப் பழகியவர்களால்தான் அரை மணி நேரம் அப்படி இழுக்கமுடியும். அந்த அரை மணி நேரச் சக்தியைச் சேர்த்துவைத்தால் ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு 100 யூனிட் சும்மா கொடுக்கிறது. அதை நாமே இழுத்துச் சம்பாதிக்க ஆயிரம் அரைமணி வேண்டும். அதையே கவலைக் கணக்கில் போட்டால் கதை வேறு. முப்பதடி ஆழத்திலிருந்து நூறு லிட்டர்ச் சால் ஒன்றைத் தூக்க 200 வாட்டுக்கு முக்கால் நிமிடம் போதும். அரை மணியில் நாற்பது சால், நாலாயிரம் லிட்டர். ராகிப் பாத்தி சிலவற்றுக்குத் தாராளம். அத்தனையும் மாடி அறையில் வெறும் சூடாகிக் காற்றில் கலக்கப்போகிறது. கூலியாக நாம் பெறுவது, சர்க்கரை எண் கொஞ்சம் இறங்குவது. குறைந்த கூலி என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் அன்றைய இழுப்பு உடம்புக்கு என்ன செய்தது என்பதற்குச் சாட்சி மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அம்மாவால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கமுடியாது. தலைவாருவதற்கு இன்னொருவர் வேண்டும். ராகிக்கல் கொடுத்த பென்ஷன் அது. நைனா ஐம்பதிலேயே வளைந்துவிட்டார். கடைசிவரை அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததாக நினைவில்லை. 'அந்தக் காலத்து உழைப்பே ஆரோக்கியம்' என்று காலைதோறும் வாட்ஸாப்பில் அனுப்புகிறவர்களில் கவலை ஓட்டியவர் ஒருவரும் இல்லை. ஓட்டியவர்கள் வாட்ஸாப் வருவதற்கு முன்பே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். எந்த மூட்டுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், நடுவில் எப்போது ஓய்வு என்பதை இழுக்கிறவரே முடிவுசெய்யலாம் என்பது எங்கள் வீட்டுக்கு மூன்றாம் தலைமுறையில் வந்த சலுகை. அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் அந்த மாதச் சந்தாவில்தான். அதில் விற்பது எதை என்று யோசித்துப் பார்த்தேன். இரும்பை அல்ல, அதற்குக் காசை முன்பே வாங்கிவிட்டார்கள். ஆற்றையும் அல்ல, அது படம். விற்பது மேஸ்திரியை. நைனாவுக்கு வாடும் பயிர் மேஸ்திரி. அம்மாவுக்கு விடிந்தால் பசிக்கும் வயிறுகள் மேஸ்திரி. எனக்கு ஸ்டூல்காரர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் காப்ரியாஸ் என்ற ஏதென்ஸ் தளபதி, புதிதாகச் சேர்ந்த படகோட்டிகளுக்குக் கரையில் பலகை போட்டு, தண்ணீர் இல்லாமலே துடுப்பு பழக்கினாராம். உலகின் முதல் ரோயிங் மெஷின் அதுதான் என்கிறார்கள். அங்கே சந்தா தேவைப்படவில்லை, தளபதி எதிரில் நின்றார். என் மகனை இழுக்கச்சொல்ல யாரும் இல்லை. இழுக்காவிட்டால் பயிர் வாடாது, கூலி குறையாது, வீட்டில் களி நிற்காது. அதனால் பாஸ்டனிலிருந்து ஒரு மேஸ்திரியை மாத வாடகைக்கு எடுக்கவேண்டியிருக்கிறது. சிரித்த முகம், வெண்மையான பல், "சபாஷ், இன்னும் பத்து இழுப்பு" என்பார். என் மேஸ்திரி ஒருநாளும் சபாஷ் சொன்னதில்லை. ஆனால் அவர் சம்பளத்தை நாங்கள் கட்டியதும் இல்லை.

இதை நான் சொன்னபோது மகன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. "மாமா சொல்றது சரிதான். ஏற்கெனவே மூணு ஆப்புக்குக் கட்டறோம். ஒண்ணுல தியானம், ஒண்ணுல இங்கிலீஷ், ஒண்ணுல யோகா. எதையும் திறக்கறதில்ல" என்றாள். மகன் போனை டிவியிலிருந்து பிரித்துக்கொண்டான்.

"நமக்கும் படகுக்கும் என்னப்பா சம்பந்தம், வறண்ட பூமி" என்று அவன் சோர்ந்தபோது தத்து போகனாலின் கதையைச் சொன்னேன். நாசிக் மாவட்டத்தில் தண்ணீருக்குத் தவித்த ஒரு கிராமம். அப்பாவோடு கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். 2012-இல் ராணுவத்தில் சேர்ந்தபிறகுதான் துடுப்பைப் பிடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் துடுப்புப் போட்டியில் 13-ஆவது இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் அணியோடு தங்கம். கிணறு வெட்டிய முதுகு அது. எந்த ஆப்பும் அவருக்குச் சபாஷ் சொல்லவில்லை.

கடைசியில் அமைந்தது காற்றுச் சக்கர மெஷின். அதன் பிறப்புக் கதை எனக்குப் பிடித்துப்போனதும் ஒரு காரணம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1976-இல் துடுப்பு செய்து விற்க ஆரம்பித்த டிரைசிகாக்கர் என்ற அண்ணன் தம்பி, குளிர்காலத்தில் ஆறு உறைந்துபோவதால், ஒரு சைக்கிளைக் கொட்டகைத் தரையில் ஆணியடித்து நிறுத்தி, சங்கிலியின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1981-இல் அது கான்செப்ட்2 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எங்கள் சிப்காட் லேத் பட்டறைப் பையன்கள் சைக்கிளைத் தரையில் ஆணியடித்திருந்தால் காப்புரிமை கிடைத்திருக்காது, மெமோ கிடைத்திருக்கும். புதிது லட்சத்துக்கு மேல். பெங்களூரில் மூடப்பட்ட ஒரு ஜிம்மிலிருந்து பழையது கிடைத்தது. சின்ன யானை வண்டியில் செக்போஸ்ட் தாண்டி வந்தது. பொருத்த ஆள் வரவில்லையே என்று யாரும் வருந்தவில்லை. ஸ்பேனர் என் வீட்டிலேயே இருக்கிறது.

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சங்கிலி, பல்சக்கரம், இறக்கைச் சக்கரம், ஒரு கம்பித் தண்டவாளம், அதில் சறுக்கும் இருக்கை. ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய். சின்னத் திரை ஒன்று, இழுப்பையும் தூரத்தையும் எண்ணும், பேசாது. எதற்கும் யாருக்கும் எதுவும் கட்டவேண்டாம். கையால் இழுப்பதாகத் தெரிந்தாலும் பாதிக்கு மேல் காலின் வேலை. முதலில் கால் உந்தவேண்டும், பிறகு முதுகு சாயவேண்டும், கடைசியில்தான் கை. மகன் முதல்நாள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தான். இடுப்பு முன்பைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டது. கையை மட்டும் நம்பாதே, எடையைக் கொடு என்று காட்டினேன். மாடு இல்லாத கவலைதான், மாட்டின் வேலையையும் நாமே பார்க்கவேண்டும்.

மெஷினை மாடியிலிருந்து ஹாலுக்கு இறக்கியது மருமகள். மாடியில் இருந்தவரை அதன்மேல் துண்டு காய்ந்தது. இப்போது டிவிக்கு எதிரே போட்டிருக்கிறோம். ராத்திரி சீரியல் தொடங்கும்போது அவள் உட்கார்ந்தால், முதல் விளம்பர இடைவேளைவரை இழுப்பு. அங்கே இறங்கி அத்தையை ஏற்றிவிடுவாள். மாமியாரும் மருமகளும் சீரியல் மாமியாரைத் திட்டிக்கொண்டே மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். மகன் அதற்குப் பிறகு, மீட்டிங் இல்லாத நாட்களில். விளம்பரம் முடிந்தும் யாராவது இறங்காமலிருந்தாலோ, ஏறாமலிருந்தாலோ அம்மா மூலையிலிருந்து குரல் கொடுப்பாள். கேபிள்காரருக்குக் கட்டுவதைத் தவிர வேறு சந்தா இல்லை. என் மனைவியின் சர்க்கரை எண் இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தும்படி டாக்டரும் சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை அங்குலத் திரை, எத்தனை ஆயிரம் வீடியோ என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே போவார், சொல்லட்டும். சந்தா கட்டுவதை நிறுத்திய மறுநாள் இது என்னவெல்லாம் செய்யும், என்னவெல்லாம் செய்யாது என்று மட்டும் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். சங்கிலி அறுந்தால், பட்டை தேய்ந்தால் உங்கள் ஊருக்கு ஆள் வருவாரா, இல்லை உங்கள் ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவாரா என்று பாருங்கள். எட்டடி நீளத்துக்கு இடம் வேண்டும். கட்டிலை அளப்பதற்கு முன் அதை அளந்துகொள்ளுங்கள். முதுகு வலி, மூட்டு வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்காரவேண்டாம். மற்றபடி, உங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்து அதட்டக்கூடிய பெரியவர் ஒருவர் இருந்தால் சந்தா இல்லாத மெஷினையே வாங்குங்கள். இல்லாதவர்கள் மாதாமாதம் சந்தா கட்டுவதில் தவறில்லை.